முப்பத்தேழாம் மரத்துப் பொறி

செம்மலைப்பட்டி ஆண்களால் ஊரைவிட்டு வெளியே போக முடியாமல் போன அந்தத் திங்கட்கிழமையும் மற்றத் திங்கட்கிழமைகளைப் போலத்தான் விடிந்தது. தவமணி சைக்கிளைத் தோப்பு வேலியில் சாய்த்துவிட்டு, மரம் மரமாகப் போய், கிளைகளில் தொங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த பழ ஈக்களைச் செய்தித்தாளில் கொட்டி எண்ணிக்கொண்டே போனான். தோட்டக்கலைத் துறையில் பதினெட்டு வருஷமாக அவனுக்கு இதுதான் உத்தியோகம், ஊரில் அவனுக்குப் பெயர் ஈ சார். டப்பாவுக்குள் ஒரு மரத்துண்டு, அதில் ஊறிய மருந்து, மருந்தில் துளசியும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாசத்துக்கு மயங்கி ஆண் ஈக்கள் மட்டும் ஓட்டை வழியாக உள்ளே வரும், வந்தது திரும்பாது. பெண் ஈக்களுக்கு அந்த வாசம் ஒரு பொருட்டே இல்லை, அவை பாட்டுக்கு மாங்காயில் ஊசியைக் குத்தி முட்டை வைத்துக்கொண்டிருக்கும். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பெண் ஈகூட அவனுடைய பொறியில் விழுந்ததில்லை என்பதால், பதிவேட்டில் 'ஆண்' 'ஆண்' என்று எழுதிக் கை சலித்துப்போய், திண்டுக்கல்லில் ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தான்.

அன்றைக்கு முப்பத்தேழாம் மரத்து டப்பாவில், செத்த ஈக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சாகாமல் உட்கார்ந்திருந்தது. மாம்பழ ஈயைவிட ஒரு சுற்றுப் பெரிது, இறக்கை ஓரத்தில் சேலைக்குக் கரை போட்ட மாதிரி கறுப்புப் பட்டை, கண் இரண்டும் பொன்னிறம். கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தக்கையால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து, பூச்சிகளை அடையாளம் காண்கிற தடித்த புத்தகத்தைப் பிரித்தான். அந்தப் புத்தகம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகும்: முதுகில் மஞ்சள் கோடு உண்டா, உண்டென்றால் நாலாம் கேள்விக்குப் போ; காலில் கறுப்புப் புள்ளி உண்டா, இல்லையென்றால் ஒன்பதுக்குப் போ. இருபத்து மூன்றாம் கேள்வியில் இந்த ஈ அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. தவமணி பேனாவை எடுத்து, 'மரம் 37, இனம் தெரியவில்லை' என்று எழுதி, பக்கத்தில் வழக்கம்போல 'ஆண்' என்று ஸ்டாம்பைக் குத்தி, '1' என்று போட்டான்.

இனம் தெரியாத ஈ விழுந்தால், அது விழுந்த மரத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற பழம் எதுவும், அந்த ஈக்குப் பெயர் கிடைக்கிறவரை வெளியே போகக் கூடாது என்பது துறையின் விதி. அதை ஊரே அறியும். ஆனால் ஸ்டாம்பின் மை காய்வதற்குள், நத்தத்துக்குப் புறப்பட்ட பத்து மணி பஸ் கிலோமீட்டர் கல்லைத் தாண்ட முடியாமல் நின்றது. இறங்கிப் பார்த்த டிரைவரின் மூக்கு காற்றில் முட்டியது. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தார், பயணிகள் தள்ளிப் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்த பெண்கள் மட்டும், நேரமாகிறது என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கல்லைத் தாண்டி நடந்தே போய்விட்டார்கள்.

சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, முப்பத்தேழாம் மரத்திலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் சரியாக இரண்டு கிலோமீட்டரில் நின்றது. மூன்று நாள் அதைப் பற்றிப் பேசினார்கள்; நாலாம் நாள் டீக்கடை முத்தழகு ஒரே பேச்சில் முடித்துவைத்தாள்.

"இதுல என்னத்தக் கண்டுட்டீக அதிசயத்த? அந்தப் பொறியில எப்பவும் ஆம்பள ஈதான விழுகும்? பொறி பெருசாயிருச்சு. அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. பொறி என்றால் பொறிதான், உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. தபால்காரர் உஷாராக எல்லைக்கு வெளியே நின்று கடிதத்தை நீட்டக் கையை மட்டும் உள்ளே விட்டார்; கை திரும்பவில்லை, இரண்டு மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கைக்குத் துணையாக அவரும் உள்ளே வந்துவிட்டார். வேம்பரளியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர் பஜ்ஜி தின்று முடித்துக் கிளம்பும்போதுதான் விஷயம் தெரிந்து, பெண் வீட்டிலேயே தங்கி, வெங்காயம் உரித்துக் கொடுத்து, மாடு குளிப்பாட்டி, மாமனார் ஆகாத மாமனாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பெண் இன்னும் சரி என்று சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றாள். காளைகளும் கிடாய்களும் சேவல்களும்கூட எல்லையில் முட்டித் திரும்பின.

பெண்கள் போய்வந்தார்கள். சந்தைக்கு, பேங்குக்கு, கோர்ட்டு வாய்தாவுக்கு, பிள்ளையின் கல்லூரிக்கு, முன்பு ஆம்பளைகள் போன எல்லா இடத்துக்கும் பெண்கள் போனார்கள், முதல் வாரம் பயந்துகொண்டு போனார்கள், இரண்டாம் வாரம் பேசிக்கொண்டு போனார்கள், மூன்றாம் வாரம் போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் போனார்கள். முத்தழகு புருஷனுடைய பால் வண்டியை ஓட்டப் பழகி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே திரிந்தாள். வெளியே இருந்து வருகிற பஸ் உஷாராக எல்லைக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பியது. சாயங்காலமானால் ஆண்கள் கிலோமீட்டர் கல்லுக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத சுவரில் முதுகைச் சாய்த்து, பீடி பிடித்தபடி, ஐந்து மணி பஸ்ஸில் வீட்டுப் பெண்கள் வருகிறார்களா என்று பார்த்திருந்தார்கள். அந்த வெதுவெதுப்பு முதுகுவலிக்கு நல்லது என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவர் பொன்னையா அம்பலம் தினமும் காலையில் தவமணி வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"ஏன் சார், பேரு கெடச்சிருச்சா?"

"இன்னும் இல்லங்க அம்பலம்."

"எதையாச்சும் ஒரு பேர எழுதித் தொலைக்கக் கூடாதா? எம் பேரன் பேருகூட நல்லாத்தான் இருக்கும்."

"தெரியாததுக்குப் பேரு எழுத மாட்டேங்க."

அம்பலம் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தவமணி விடுப்பில் இருந்தபோது, பதிலுக்கு வந்த ஒருவர் புத்தகத்தைப் பார்க்காமலே குத்துமதிப்பாக ஒரு பெயரை எழுதி, அதை நம்பித் தப்பான மருந்தை அடித்து, அந்த வருஷம் ஒரு மாம்பழம்கூட மிஞ்சவில்லை. ஈ சார் பார்க்காததை எழுத மாட்டார் என்பதில் ஊருக்கு ஒரு பெருமையே இருந்தது. தவமணிக்கும் இருந்தது, அதை அவன் மறைத்ததில்லை.

தவமணியின் மனைவி பூங்கோதை கரூரில் நர்ஸ் படிப்பு ஒன்றரை வருஷம் படித்து, கல்யாணத்துக்காக விட்டுவிட்டு வந்தவள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர் வீட்டில் அவன் சைக்கிள் சத்தத்துக்குக் கதவு திறந்தவள். சுவர் எழுந்த இரண்டாம் வாரம், அரிசி வாங்க நத்தத்துக்குப் போனவள், அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு, மறுநாளே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தவமணி சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். அவள் சாயங்காலம் வந்து, ஊசி போடும்போது அழுத போலீஸ்காரரைப் பற்றியும், டாக்டரம்மா தன் கையெழுத்தையே இவளிடம் காட்டி என்ன மருந்து என்று கேட்டதைப் பற்றியும் சொல்லிச் சிரிப்பாள். இப்படி அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு நாள் அந்த பஸ்ஸிலிருந்து இவள் இறங்காமல் போனால் தன்னால் தேடிக்கொண்டுகூடப் போக முடியாது என்பதை அவன் ஐந்து மணிக்கு ஐந்து மணி நினைத்துக்கொண்டான்.

ஈயைக் காட்டிக் கேட்க மதுரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார், காது கேட்காத, போன் எடுக்காத, போட்டோவை நம்பாத ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். வரைந்து அனுப்பு என்பதுதான் அவர் எப்போதும் சொல்வது. தவமணி குப்பியை லென்சுக்கு அடியில் வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு மயிர்க்கால் விடாமல் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தான், பூங்கோதை அதை மதுரைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் பாத்துட்டிருக்காருங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கரூரில் தவமணியின் அப்பா செத்துப்போனார்.

ஒரே மகன். தவமணி கிலோமீட்டர் கல்லில் நின்று சுவரைக் கையால் குத்தினான், தோளால் இடித்தான், அம்பலமும் மாப்பிள்ளையும் தபால்காரரும் கண்டக்டரும் சேர்ந்து அவனைத் தூக்கிச் சுவரில் மோதிக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் பூங்கோதைதான் போனாள். பங்காளிகள் கொள்ளி வைக்க முன்வந்தபோது, மகன் வர முடியவில்லை, மகன் கையாக நான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, கொள்ளிக்குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். தவமணி அதை எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்டக்டருடைய போனில் பார்த்தான். மூன்றாம் சுற்றில் படம் நின்றுவிட்டது. பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அன்றிலிருந்து அவனுக்கு நினைப்பாக இருந்தது.

கருமாதிக்கு மூன்று நாள் இருக்கையில், சுவர் எழுந்த முப்பத்தாறாம் நாள் மத்தியானம், ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தவன் தற்செயலாகக் குப்பியைப் பார்த்தான். இத்தனை நாளும் அசையாமல் இருந்த ஈ, வாலைத் தக்கையில் அழுத்திக்கொண்டிருந்தது. வாலின் நுனியிலிருந்து ஊசி ஒன்று நீண்டு தக்கைக்குள் இறங்கியது. ஊசி வெளியே வந்தபோது தக்கையில் வெள்ளை வெள்ளையாக நாலு முட்டை ஒட்டியிருந்தது.

தவமணி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். அடையாளம் காண்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது ஆணா பெண்ணா என்பதைத்தான். அதை அவன் பார்க்கவே இல்லை. பதினெட்டு வருஷம் ஆணாகவே விழுந்த பொறியில் அது என்னவென்று பார்க்க என்ன இருக்கிறது என்று ஸ்டாம்பைக் குத்திவிட்டான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லைக்குப் போனான். நாலரை மணி. ஆறு ஆண்கள் சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள், முத்தழகு பால் வண்டியை வெளியே எடுக்க வந்துகொண்டிருந்தாள். எந்தத் திருத்தமானாலும் முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்து, அதன் மேல் மை பூசுவது அவன் வழக்கம். கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து, ஸ்டாம்ப் குத்திய 'ஆண்' மேல் லேசாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பென்சிலால் 'பெண்' என்று எழுதினான்.

ஆறு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். அதே நேரத்தில் முத்தழகுவின் வண்டி டமாரென்று காற்றில் மோதி நின்றது.

"எந்த எடுபட்ட பயடா ரோட்டுல எதையோ வச்சது?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டு கத்தினாள் முத்தழகு.

தவமணி அவசரமாக ரப்பரை எடுத்து அழித்தான். சுவர் பழையபடி நின்றது. விழுந்தவர்களில் ஐந்து பேருக்குக் கால் உள்ளே கிடந்ததால் மீதி உடம்பும் உள்ளேயே வந்து சேர்ந்தது. முழுசாக வெளியே விழுந்த பஸ் டிரைவர் மட்டும் எழுந்து, செருப்பைக்கூட எடுக்காமல், நத்தத்தைப் பார்த்து ஓட்டம் பிடித்தார். கண்டக்டர் பொறாமையில் விசில் ஊதினார். முத்தழகு திட்டிக்கொண்டே வண்டியை வெளியே ஓட்டிப் போனாள். பதிவேட்டை யாரும் கவனிக்கவில்லை. தவமணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது, இந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பொறி பிடித்து வைத்திருக்கிறது, அந்தப் பேனா தன் சட்டைப்பையில் இருக்கிறது.

ஒரு சொல் எழுதினால் அப்பாவின் கருமாதிக்குப் போகலாம். அதே சொல்லால் பூங்கோதை இனி ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டில் இருப்பாள், பஸ்ஸிலிருந்து இறங்குவாளா என்று பார்த்து நிற்க வேண்டாம். இரண்டாவது நினைப்பு முதல் நினைப்புக்கு முந்திக்கொண்டு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வந்து இறங்கி உள்ளே கால் வைக்கட்டும், பிறகு எழுதலாம் என்று அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ் வந்தது. பூங்கோதை இறங்கி, எல்லையைத் தாண்டி வந்து, அவன் முகத்தையும் மடியில் விரிந்திருந்த பதிவேட்டையும் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனால் எழுத முடியவில்லை. மூடிவிட்டு எழுந்தான். இருவரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

"கோதை, அந்த ஈ பொண்ணு."

அவள் நடையை நிறுத்தவில்லை.

"தெரியுங்க."

கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியரின் கையெழுத்து. 'இனம் புதிது. பெயர் சூட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஐயமின்றிப் பெண். வயிற்று நுனியில் மடங்கியிருக்கும் ஊசியை நீரே வரைந்திருக்கிறீர். வரைந்திருக்கிறீர், பார்க்கவில்லை. பதிவேட்டைத் திருத்தி வைக்கவும்.' தவமணி தேதியைப் பார்த்தான். அப்பா சாவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

"அன்னைக்கே குடுத்திருந்தா நான் போயிருப்பேன்."

"போயிருப்பீங்க. நான் இங்க நின்னிருப்பேன். பொறி பெருசாயிருச்சுன்னு முத்தழகக்கா சொன்னத வச்சு, 'பொண்ணு'ன்னு மாத்தினா நாங்கதான் மாட்டுவோம்னு எனக்கு அப்பவே புரிஞ்சுருச்சு."

"எங்கப்பன்டி அது!"

"ஆமாங்க. கொள்ளிக்குடம் தூக்கினப்போ இந்தக் கடுதாசி என் இடுப்புலதான் இருந்துச்சு. மாமாகிட்டச் சொல்லி அழுதேன். உங்ககிட்டச் சொல்ல வாய் வரல."

அவனுக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டான். அவள் அதற்கு அழவில்லை.

"எழுதுங்க. எழுத வேண்டாம்னு நான் சொல்லல. நாளைக்குக் காலைல நான் பஸ் ஏறின பிறகு எழுதுங்க. எழுதிட்டு நீங்களும் வெளிய வந்துருங்க. கருமாதிக்கு ரெண்டு பேரும் சேந்தே போலாம். இந்த ஊருக்குத் திரும்ப வரவே வேண்டாம்."

"அப்ப முத்தழகு? மத்தவங்க?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் வைத்த ரசத்தை இருவரும் சாப்பிட்டார்கள்.

காலையில் அவள் போனாள். போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. அம்பலம் வந்து, "பேரு கெடச்சிருச்சா சார்?" என்று கேட்டபோது, "ஒண்ணும் தெரியலங்க" என்று தவமணி வாழ்க்கையில் முதல் முறையாக ஈயைப் பற்றி ஒரு பொய் சொன்னான். பிறகு பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பெண்கூட உள்ளே இல்லாத நேரம் ஒன்று வருமா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு நேரம் வரவில்லை. முத்தழகு போனால் முத்தழகுவின் மகள் இருந்தாள், மகள் கல்லூரிக்குப் போனால் முத்தழகு பால் கேனோடு திரும்பிவிட்டாள். எல்லாரும் வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொண்டாலும், சாயங்காலம் அடுப்பையும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் ஒவ்வொருத்தியாக வந்து கல்லைத் தாண்டுவார்கள். வாசத்துக்கு வருகிற ஈயைப் போல அவர்கள் வருவதை அவன் பக்கத்தில் நின்று எண்ண வேண்டியிருக்கும். மத்தியானம் இரண்டு தடவை பேனாவைத் திறந்தான். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்து அழுதான். பூங்கோதையின் மேல் கோபம் துளிகூடக் குறையவில்லை, அவள் திரும்பி வரமாட்டாள் என்பதும் உறுதியாகத் தெரிந்தது. வராதவளுக்காக எழுதாமல் இருக்கிறேனே, என்னைப் போல ஒரு பைத்தியக்காரன் உண்டா என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தான். அரிசி களைந்து உலை வைத்தான்.

ஐந்து மணிக்கு எல்லைக்குப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

பஸ் அந்தப் பக்கம் வந்து நின்றது. பெண்கள் பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே எல்லையைத் தாண்டி, காத்திருந்த ஆண்களிடம் பைகளைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். பஸ் திரும்பிப் போய்விட்டது. புழுதி அடங்கியபோது, பூங்கோதை மட்டும் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

எழுதினீர்களா என்று அவள் கேட்கவில்லை, இல்லை என்று அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு வலது காலைத் தூக்கி, எல்லைக்கு இந்தப் பக்கம் தரையில் அழுத்தி வைத்தாள். பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நின்றாள். பிறகு காலை மெல்ல இழுத்தாள்.

கால் வெளியே வந்தது.

அவள் முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு காலையும் எடுத்து வைத்து உள்ளே வந்து, அவன் பக்கத்தில் நின்றாள்.

"வியாழக்கிழமை கருமாதியில மூணு தலைமுறை பேரு கேப்பாங்களாம்" என்றாள். "மாமாவோட அப்பா பேரு எனக்குத் தெரியும். அவரோட அப்பா பேரு என்னங்க?"

தவமணி சொன்னான். அவள் மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவனோடு நடந்தாள்.